கழட்டி வெச்ச பூட்ஸ்

2005 ஜூன், ஞாயிறு

திண்டிவனம் கூட்டத்துல என் உப்பளக் கதையைப் பத்திப் பேராசிரியர் ஒருத்தர் பேசினார். அதுல வர்ற தாய் கழட்டி வெச்ச பூட்ஸ் அதிகாரத்தோட குறியீடாம், கடல்காத்து விடுதலையாம்.

என்னய்யா விடுதலை? ஈரக்காத்து அடிச்சா உப்பு விளையாது, வேலை கிடையாது. பூட்ஸுக்குள்ள உப்புத்தண்ணி பூந்து புண்ணை அறுக்கும். அதான் வரப்புல கழட்டி வெச்சுட்டு வெறுங்கால்ல இறங்குறாங்க. முதலாளி வந்தா மட்டும் மாட்டிக்குவாங்க. கதையிலயே எழுதியிருக்கேனே, படிச்சாரா இல்லையா?

சொல்லிடலாம்னு எழுந்தேன். "கம்முனு உக்காரு, பெரிய மனுசர் பேசுறாரு"ன்னு அம்மா கையைப் புடிச்சு இழுத்தாங்க. கதையில வர்ற தாயே அவங்கதான். புண்ணுக்காலை நாற்காலிக்கு அடியில மறைச்சுக்கிட்டாங்க.

எல்லாரும் கைதட்டினாங்க. நானும் தட்டினேன்.