எதிர்க் கதிரையில் ஒரு பியர்

வெள்ளிக்கிழமை இரவு, ஹேர்னிங்

இன்று இவருடைய மாசியம், மாதா மாதம் செய்கிற திவசம். மரக்கறி சமைத்து, படத்துக்கு முன்னால் படைத்தேன். மத்தியானம் மகன் வீடியோவில் வந்தான். சீனாவில், அவன் வேலை செய்கிற செங்டுவில் அப்போது இரவு. அமெரிக்கன் சாப்பாட்டுக்கடை ஒன்றில் இருந்தார்கள். ஒரு பக்கம் மருமகள், மற்றப் பக்கம் அவளின் தாய். ஆண்டுத் திவசம் முடியாமல் நான் அங்கே வெளிக்கிட மாட்டேன் என்றதால், இங்கே பக்கத்தில் விபோர்க்கில் இருந்து அவவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பெரிய பர்கர் ஒன்றைப் பாதியாக வெட்டி, மகன் அவவின் தட்டில் வைத்தான். எனக்கு வயிறு எரிந்தது.

எதிரே ஆளில்லாத கதிரை. அதற்கு முன்னால் நுரையோடு ஒரு கிளாஸ் பியர்.

"உது ஆருக்கடா?"

"அப்பாவுக்கு, அம்மா. மாமிதான் வைக்கச் சொன்னவ."

சம்பந்தி எட்டிப் பார்த்தா. "அண்ணை பியர் எண்டால் விடமாட்டாரே, அக்கா!" என்று சிரித்தா.

என் மனுசனுக்கு என்ன பிடிக்கும் என்று அவ எனக்குச் சொல்கிறா. நான் பாயாசம் வரைக்கும் வைத்தேன், இதை வைக்கவில்லை. இருந்த காலத்திலேயே வீட்டுக்குள் விடாத சாமானைப் படையலில் எப்படி வைப்பது? ஆனால் இந்த மனுசனை எனக்குத் தெரியும். பியரைக் கண்டால் என் பாயாசத்தை விட்டுவிட்டு அங்கேயே போய்க் குந்தியிருப்பார்.

கராஜில் அவர் ஒளித்து வைத்த பியர் ரின் ஒன்று இன்னும் கிடந்தது. இப்போதுதான் உடைத்துப் படத்தடியில் ஊற்றி வைத்தேன். சீனாவில் வைத்ததைவிடப் பெரிய கிளாஸ்.