பெல்ட் வண்டி வராத தை மாதம்

கீழ்வேளூர்
தை 27

அன்பு மகள் எழில்மொழிக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றிக் கேட்காதே. பெங்களூரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும், கோபத்தில் இருக்கிறேன் என்பதற்காக அதைச் சொல்லாமல் விட மாட்டேன். போனில் பேசலாம்தான். நான் வாயைத் திறந்ததும் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய், வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் கட்டை விரல் பொம்மையைத் திருப்பி அனுப்புகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது, அதனால் எழுதுகிறேன்.

நீ கூரியரில் அனுப்பிய தாள் முந்தாநாள் வந்தது. உன் கம்பெனியில் பணம் போட வேறு ஒருவர் வருகிறாராம், அவருக்குக் காட்ட நம் தெருவில் இருபது பேரிடம் 'இந்த ஆப்பால் எங்கள் அறுவடை சுலபமானது' என்று கையெழுத்து வாங்கி, அறுவடை மெஷின் பக்கத்தில் நான் சிரித்துக்கொண்டு நிற்கிற போட்டோவும் அனுப்ப வேண்டுமாம். உனக்கு எப்படியடி மனசு வந்தது? எந்த மெஷின் பக்கத்தில் என்னை நிற்கச் சொல்கிறாய்?

இங்கே நடந்ததை நீ முழுசாகக் கேட்கவே இல்லை, இப்போது கேள். நம் வயல்களுக்குப் பாதை கிடையாது, ஒரு வயலை அறுத்தால்தான் அதன் மேல் ஏறி மெஷின் அடுத்த வயலுக்குப் போகும். அதனால் மார்கழியிலேயே தெரு முழுக்க உட்கார்ந்து யாருக்குப் பிறகு யார் என்று வரிசை பேசி, சேக் தாவூது பாய் கையில் வெற்றிலை பாக்கு கொடுப்போம். பொங்கல் கழிந்ததும் அவர் ஆத்தூரிலிருந்து சேற்றில் இறங்குகிற பெல்ட் வண்டியைக் கொண்டுவந்து இறக்குவார். பதினாலு வருஷமாக இதுதான் நடைமுறை. இந்த வருஷம் அவர் வந்தபோது, "வேணாம் பாய், எம் பொண்ணு ஆப்புல வண்டி வருது, மணிக்கு எழுநூறு ரூபா கம்மி" என்று வெற்றிலைத் தட்டை உள்ளே எடுத்து வைத்தவள் நான்தான். அவர் முகம் கோணவில்லை. "நல்லதும்மா, பொண்ணு முன்னுக்கு வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு நானே வீடு வீடாகப் போய் எல்லோர் போனிலும் உன் ஆப்பை ஏற்றிக் கொடுத்தேன். கூலிக்கு நாற்று நட்டுக்கொண்டிருந்த இந்த அம்சவல்லி இன்றைக்குக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கிறாள், பெண்ணை இன்ஜினியர் ஆக்கியிருக்கிறாள், அவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று என்னைத்தான் நம்பினார்கள், உன் ஆப்பை இல்லை.

தை பன்னிரண்டாம் தேதி, கதிர் முற்றித் தலை சாய்ந்து நிற்கிறபோது, சேவை நிறுத்தப்பட்டது என்று எல்லோர் போனிலும் ஒரே வரி வந்தது. உன்னைக் கேட்டால், முதலீடு போடுகிறவர்கள் அடுத்த சுற்றுப் பணத்தை நிறுத்திவிட்டார்கள், நாடு முழுக்க ஸ்டார்ட்அப் எல்லாவற்றுக்கும் இதே கதிதான், இதற்குப் பெயர் பனிக்காலம் என்கிறாய். குறைத்துக் கொடுத்த அந்த எழுநூறு ரூபாயும் அவர்கள் பணம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். மெஷின்காரருக்கும் அதில் லாபமில்லை, உனக்கும் இல்லை, எத்தனை பேர் போனில் ஏற்றினார்கள் என்று எண்ணைக் காட்டி மேலே மேலே பணம் வாங்குவதுதான் வியாபாரமாம். அப்படியானால் நான் ஏறி இறங்கிய வீடெல்லாம் உனக்கு வெறும் எண்ணா? நாலு வருஷத்துக்கு முன்னால் காலேஜ் முடித்த பிள்ளைகளைத் தேடித் தேடிப் பணத்தைக் கொட்டியவர்கள், இப்போது கையை இறுக்கிக்கொண்டார்கள். மேட்டூர் அணையை மூடுவதென்றால்கூடத் தேதி சொல்லிவிட்டுத்தான் மூடுகிறார்கள். ஆனால் அவர்கள் மேல் எனக்குப் பாதிக் கோபம்தான். பணம் வராது என்று மார்கழியிலேயே உனக்குத் தெரியும் என்று உன்னோடு வேலை பார்த்த பெண் அப்பாவிடம் சொல்லிவிட்டாள். அப்போது நான் இங்கே வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தேன் எழிலு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாய் காலில் விழுந்தாவது வண்டியை நிறுத்தி வைத்திருப்பேன்.

அப்பாவும் நானும் பாய் வீட்டுக்குப் போனோம். உன் அப்பாவுக்கு முழங்கால் வலி வேறு, மாத்திரை போட்டுக்கொண்டு வந்தார். பாய் ஒரு சொல் குத்திப் பேசவில்லை. "வண்டியெல்லாம் திருவாரூர் பக்கம் பேசியாச்சு தங்கச்சி, ஒண்ணே ஒண்ணு ரெண்டு நாளைக்குக் கேட்டுப் பாக்குறேன்" என்றார், சொன்னபடி அனுப்பினார். வாய்க்காலுக்கு மேற்கே தெருக்காரர்கள் எல்லோர் வயலும், கிழக்கே நம் வயலும் செந்தாமரை வயலும். இரண்டு நாளில் ஒரு பக்கம்தான் முடியும். மேற்கே இறக்கச் சொன்னேன். புருஷன் இல்லாமல் இரண்டு பெண்களை வைத்துக்கொண்டிருக்கிற செந்தாமரை, "உங்க பேச்சக் கேட்டுத்தான அத ஏத்துனேன், இதையும் கேக்குறேங்க்கா" என்றாள். மூன்றாம் நாள் மழை பிடித்தது. நம் வயலும் அவள் வயலும் சாய்ந்து, நாலு நாள் தண்ணீரில் கிடந்து, கதிரிலேயே முளைத்துவிட்டன. கொள்முதல் நிலையத்தில் உள்ளேயே விடவில்லை. நம் வயல் போனால் போகட்டும், உன் சம்பளத்தில் நாங்கள் சாப்பிட்டுவிடுவோம். அவள் யார் சம்பளத்தில் சாப்பிடுவாள்?

உன் தாளை நேற்று அவளிடம்தான் முதலில் எடுத்துப் போனேன். படித்துக் காட்டினேன், கிழித்துப் போடுவாள், என்னை நாலு வார்த்தை கேட்பாள், கேட்டால் எனக்கும் பாரம் இறங்கும் என்று நினைத்தேன். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "எழிலுக்குத்தான, எங்க போடணும்க்கா கையெழுத்து" என்று பேனாவை வாங்கினாள். நான் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் அழுதேன்.

தாளை அப்படியே வெறுமையாகத் திருப்பி அனுப்புகிறேன். போட்டோவுக்குப் பதில் செந்தாமரை வயல் நெல் ஒரு பிடி முளையோடு மடித்து வைத்திருக்கிறேன், பணம் போட வருகிறவர் மேஜையில் அதை வை. பருப்புப் பொடி தனி டப்பாவில் இருக்கிறது, வெளியே வாங்கிச் சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. நீ நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும், நாலு பேர் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவளாக இருக்க வேண்டும். மாசி பிறந்ததும் வா. பஸ்ஸை விட்டு இறங்கியதும் நம் வீட்டுக்கு வராதே, முதலில் செந்தாமரை வீட்டுக்குப் போ.

உன் அம்மா
இ. அம்சவல்லி