யூரியாவில் கரைந்தது

பிப்ரவரி 4, 2024
பாப்பாவின் ரிப்போர்ட் வந்துவிட்டது. ரத்தம் உறையும் நேரம் எல்லாம் நார்மல். இது மூன்றாவது லேப். அப்புறம் ஏன் தொப்புள்கொடி விழுந்த இடத்தில் அத்தனை நாள் கசிந்தது? தவழ்ந்தாலே முட்டி ஏன் கன்றிப்போகிறது? "வீணா பயப்படாதீங்கம்மா" என்கிறார் பாபநாசம் டாக்டர். அவருக்கென்ன!

பிப்ரவரி 11
அறுவடை முடிந்தது, காதுகுத்து வைத்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார் என் மாமியார். அப்பாவின் தங்கைதான், எனக்கு அத்தை. "அதான் நார்மல்னு வந்துடுச்சே மேகலா, இன்னும் என்ன?"
என்னத்தைச் சொல்ல? தலையாட்டித் தொலைத்தேன்.

பிப்ரவரி 18
என் அண்ணன் மடியில் வைத்துக் குத்தினார்கள். துளி ரத்தம், உடனே நின்றுவிட்டது. எல்லோரும் என்னைக் கேலி செய்தார்கள். நானும் சிரித்தேன்.

பிப்ரவரி 20
நின்னது மறுபடி வருது. ரெண்டு காதுலயும். மஞ்சள் வைக்கச் சொல்றாங்க. அட போங்க!

பிப்ரவரி 22
காலையில் வாந்தி, கண் சொருகிவிட்டது. தஞ்சாவூருக்கு ஓடினோம். தலைக்குள் ரத்தக்கசிவாம்.
டாக்டர் சாஜிதா பழைய ரிப்போர்ட்டுகளை ஒதுக்கிவிட்டு, "நின்னுட்டு, அப்புறம்தான் வருதா? நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?" என்று கேட்டார். அத்தை மகன் என்றேன்.
ரத்தத்தில் பதின்மூன்றாம் ஃபேக்டர் என்ற புரதம் இல்லாமலிருக்கலாமாம், சொந்தத்தில் கட்டியவர்களின் பிள்ளைகளுக்கு இது வர வாய்ப்பு அதிகமாம். ரத்தம் உறையும், ஆனால் அந்தக் கட்டி நிலைக்காது. வழக்கமான டெஸ்டில் இது தெரியவே தெரியாதாம். உறைந்த கட்டியை யூரியாக் கரைசலில் போட்டுப் பார்ப்பார்களாம், கரைந்தால் குறைதான்.
"வயலுக்குப் போடுறோமே, அந்த யூரியாவா?" என்றார் இவர். டாக்டர் தலையசைத்தார்.
ரத்தம் எடுத்துக்கொண்டு உடனே பிளாஸ்மா ஏற்றுகிறார்கள்.

பிப்ரவரி 23
கண்ணைத் திற தங்கம். அம்மா இங்கதான் இருக்கேன்.

பிப்ரவரி 25
வாய்க்கால் ஓரமா புதைச்சுட்டு வந்துட்டாங்க. என்னை வர விடல. பால் கட்டி மார் வலிக்குது.

மார்ச் 2
எழுத ஒண்ணுமில்ல.

மார்ச் 14
டாக்டர் வரச் சொல்லியிருந்தார். பாப்பாவின் ரத்தக் கட்டி யூரியாவில் முழுசாகக் கரைந்துவிட்டதாம். பதின்மூன்றாம் ஃபேக்டர் அறவே இல்லையாம்.
"தெரிஞ்சிருந்தா?" என்றேன்.
"மாசம் ஒரு தடவை பிளாஸ்மா ஏத்தினா போதும்மா. பள்ளிக்கூடம்கூடப் போகலாம்."
நார்மல், நார்மல், நார்மல்! பாவிங்க. நான் மட்டும் என்ன, யோக்கியமா? காது குத்த எல்லாரையும் கூப்பிட்டு விருந்தே வச்சேனே.
"உங்க ரெண்டு பேர் ரத்தமும் டெஸ்ட் பண்ணணும்" என்றார் டாக்டர்.
"இனி எதுக்குங்க?"
"அடுத்த குழந்தைக்கு."
இவர் சட்டைக் கையை மடித்து நீட்டினார். நான் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.