நகராத நிலா

4 ஆகஸ்ட் 1958, திங்கள்

இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். அம்பலம் இப்போதுதான் தொட்டிலில் தூங்கினான். மாதம் ஒரு கடிதம் போதாது, தினமும் ஒரு நோட்டில் எழுதிவைத்துச் சேர்த்து அனுப்பு என்று சைகோனுக்குக் கப்பலேறும்போது சொன்னவர் நீங்கள்தான். பாதித் தூக்கத்தில் எழுதுவதையும் படித்துத்தான் ஆகவேண்டும்.

உங்கள் தமிழ்ச் சங்க மலருக்காக மொழிபெயர்க்கச் சொன்ன, செயற்கை நிலா பற்றிய பிரெஞ்சுக் கட்டுரை முதல் பக்கத்திலேயே நிற்கிறது. காலையில் ஒரு வரி, கஞ்சி ஊட்டிய பிறகு அரை வரி. பௌதிகம் படித்த பெண்டாட்டி என்று அங்கே யாரிடமும் பெருமை பேசாதீர்கள்.

6 ஆகஸ்ட்

கட்டுரையில் முக்கியமான ஒரு பகுதி முடிந்தது. ரஷ்யாக்காரன் விட்ட ஸ்புட்னிக் தாழப் பறக்கிறது. இரண்டு மணி நேரத்துக்குள் பூமியைச் சுற்றிவிடுகிறது. வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. உயரம் கூடக் கூடச் சுற்றும் நேரமும் கூடும். பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, இருபத்திரண்டாயிரம் மைலுக்குச் சற்று அதிகமான உயரத்தில், ஒரு சுற்றுக்கு ஒரு நாள் ஆகும். பூமியும் ஒரு நாளில்தான் சுற்றுகிறது. இரண்டும் ஒரே திசையில் போனால், கீழேயிருந்து பார்க்கிறவனுக்கு அந்தச் செயற்கை நிலா ஆணி அடித்த மாதிரி ஒரே இடத்தில் நிற்கும். அப்படி ஒன்றை இதுவரை யாரும் விடவில்லை. கணக்கு மட்டும் தயார்.

நிற்பதாகத் தெரிகிறதே தவிர, மணிக்கு ஏழாயிரம் மைல் வேகத்தில் ஓடுகிறது அது. சிரிப்பு வந்தது எனக்கு. நாள் முழுதும் மாடிக்கும் அடுப்புக்கும் ஓடுகிறேன். பொழுது சாய்ந்தால் அத்தை கேட்கிறார்: “என்ன கமலா, காலைலேர்ந்து போட்டது போட்டபடி கெடக்கு?”

7 ஆகஸ்ட்

எழுதலாமா வேண்டாமா — எழுதிவிடுகிறேன். அம்பலத்துக்கு ஒன்றரை வயது முடிந்துவிட்டது. ‘அம்மா’ இன்னும் வரவில்லை. அத்தையிடம் சொன்னேன்.

“அவங்கப்பன் மூணு வயசுலதான் வாயத் தொறந்தான். படிச்ச பொண்ணுங்களுக்குப் பெத்த பிள்ளையும் பரீட்சைதான்.”

மூன்று வயது வரை நீங்கள் பேசவில்லையா? என்னிடம் சொன்னதே இல்லையே.

காது கேட்கவில்லையோ என்றுகூட நினைத்துவிட்டேன். மாடியில் அவன் முதுகுப் பக்கமாக நடந்துபோய்க் கூப்பிட்டேன். திரும்பினான். தாம்பாளத்தைக் கீழே போட்டேன். திரும்பினான். போதும். இன்றைக்காவது தூங்கலாம்.

10 ஆகஸ்ட், ஞாயிறு

இன்று அந்தி மங்கும் நேரத்தில் ஸ்புட்னிக் தெரியும் என்று பக்கத்து வீட்டுக் கமர் நிஷா கடற்கரைக்கு இழுத்துப்போனாள். பாதி ஊர் அங்கேதான் இருந்தது. “அது வர்றதுக்குள்ள என் காலு மண்ணுல வேர் விட்டுடும் அக்கா” என்றாள், கைக்குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டே.

வந்தது. வழி தவறிய நட்சத்திரம் ஒன்று நடந்துபோவதுபோல. ஜனங்கள் ஓவென்று கத்தினார்கள். கிளிஞ்சல்மேட்டு மீனவர் பிள்ளைகள் தகரத்தைப் போட்டு அடித்தார்கள். நிஷாவின் குழந்தை தூக்கிவாரிப்போட்டு வீறிட்டது.

அம்பலம் எங்களுக்கு முதுகைக் காட்டி மணலில் உட்கார்ந்து கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டிருந்தான். அவன் தலை அசையவில்லை. கூப்பிட்டேன். கத்தினேன். முன்னால் நின்றவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் மட்டும் பார்க்கவில்லை.

“இந்தச் சத்தத்துல பிள்ளைக்கு நீங்க கூப்பிட்டது கேட்டிருக்காது அக்கா.”

அவனுக்கு அந்தச் சத்தமே கேட்கலையே, நிஷா.

11 ஆகஸ்ட்

புரிந்துவிட்டது. நம் மாடி பலகைத் தளம். நடந்தால் அதிரும், தாம்பாளம் விழுந்தால் அதிரும். உட்கார்ந்த இடத்தில் அந்த அதிர்வு தட்டி, அதற்குத்தான் அவன் திரும்பியிருக்கிறான். மணல் அதிர்வை விழுங்கிவிடும். இதையெல்லாம் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான்.

இரண்டு மெத்தை போட்டு அவனை உட்காரவைத்தேன். பின்னால் நாற்காலியில் அசையாமல் இருந்துகொண்டு கூப்பிட்டேன். பல தடவை. இல்லை.

அத்தையிடம் சொன்னதும், “வாயால சொல்லாத அத” என்று எழுந்து போய்விட்டார். எனக்கு ஒண்ணுமே ஓடலை. கூடவே இருந்தும் ஏன் எனக்குத் தெரியலை? யார்கிட்டப் போய்ச் சொல்றது?

14 ஆகஸ்ட்

அத்தை பேசுவதில்லை. கட்டுரையோடு உட்கார்ந்தேன்.

நிற்கும் நிலா மூன்று இருந்தால் போதுமாம். துருவங்கள் நீங்கலாக, பூமியில் எங்கிருந்தும் எங்கேயும் குரல் போய்ச் சேரும். சைகோனில் நீங்கள் பேசினால் காரைக்காலில் கேட்கலாம். விரிகுடாவில் புயல் திரளுவதை மேலிருந்தே பார்த்து, படகுகளைக் கரைக்குத் திருப்பலாம். குறை ஒன்றுதான். அத்தனை உயரம் ஏறி இறங்கக் கால் விநாடி ஆகும். கேட்டதற்குப் பதில் வர அரை விநாடி காத்திருக்கவேண்டும்.

அரை விநாடி. தொட்டிலுக்கும் எனக்கும் நடுவில் நாலடிகூட இல்லை. எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறேன்.

17 ஆகஸ்ட்

சுவர் பூசக் கொல்லையில் ஆற்று மணல் கொட்டியிருக்கிறது. அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அத்தை குழந்தையை அந்த மணலில் உட்காரவைத்துவிட்டுப் பின்னால் போய் நின்றார். “அம்பலம்… ராஜா… டேய் அம்பலவாணா…” பிறகு குடத்தைக் கரண்டியால் தட்டினார். ஓங்கித் தட்டினார். அவன் மணலை அள்ளி அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தான். அத்தை அப்படியே அவனுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார்.

நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. விளக்கேற்றிவிட்டு வந்து அவரே சொன்னார்: “டாக்டர் எப்ப இருப்பாருன்னு கேட்டுட்டு வா.”

20 ஆகஸ்ட்

டாக்டர் இசைக்கவை என்ற இரும்புக் கவட்டையைத் தட்டி ரீங்கரிக்கவிட்டுக் காதருகே பிடித்தார். ஒன்றுமில்லை. அதன் காம்பைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார். பிஸ்கட் சப்பிக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். அப்படி ஒரு பார்வை. எலும்பு வழியாகக் கேட்டதா, வெறும் அதிர்வா?

“அடைப்பா, நரம்புக் கோளாறான்னு இங்க வச்சுச் சொல்ல முடியாதும்மா. மெட்ராஸுக்குக் கொண்டுபோங்க. பேச்சு வர்ற வயசு, தள்ளிப்போடாதீங்க.”

24 ஆகஸ்ட், ஞாயிறு

கட்டுரை முடிந்தது. இதோடு வைத்திருக்கிறேன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், எனக்கு மறுபடி படிக்கத் தெம்பு இல்லை.

அத்தை இப்போது மாடிக்கு வந்தால் வாசலிலேயே நின்று பலகையைக் காலால் இரண்டு தட்டு தட்டுகிறார். அவன் சட்டென்று திரும்பிச் சிரிக்கிறான். “பாத்தியா, நான் கூப்பிட்டா மட்டும் திரும்புறான்” என்று என்னிடம் வம்புக்கு வருகிறார். முகத்தை மட்டும் காட்டுவதில்லை.

மெட்ராஸுக்கு நானும் அத்தையும் கூட்டிப்போகிறோம். நீங்கள் வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று அத்தையே சொல்லிவிட்டார். “ஆனா அவன் ஒரு வார்த்த எழுதட்டும். தகப்பனக் கேக்காம பிள்ளைய ஆஸ்பத்திரியில விட எனக்கு மனசு வராது” என்கிறார். துணிமணி எல்லாம் எடுத்துவைத்தாயிற்று.

நோட்டை நாளைக் காலைத் தபாலில் சேர்க்கிறேன். கிடைத்த அன்றே பதில் போடுங்கள்.