ஜாமெட்ரி பெட்டியில் ஒரு கறுப்புக் கயிறு

அன்புள்ள பெரியப்பா,

இதை யாரிடமும் காட்டாதீர்கள். அங்கே பெரியம்மாவைப் பார்த்திருப்பீர்கள், அவரிடமும் வேண்டாம். அப்பா இன்னும் தூங்கவில்லை. பக்கத்து அறையில் இருமல் கேட்கிறது.

உங்கள் அரைஞாண் கயிற்றை வெட்டியது அந்த நர்ஸ் இல்லை. நான்தான்.

தென்காசி ஆஸ்பத்திரியில் அன்று அப்பா மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். அதற்குள் ஸ்கேனுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். கயிற்றில் தாயத்து இருக்கிறது, அதோடு உள்ளே போகக்கூடாது என்றார்கள். முடிச்சு அவிழவில்லை. வாசலில் நின்ற ஸ்கேன்காரர், "பதினொண்ணாம் பெட் இன்னும் வரலையா?" என்று அதட்டினார். நர்ஸ் அக்கா ஒரு கையில் டிரிப்ஸ் பாட்டிலைப் பிடித்தபடி, "நேரமாகுது, நீயே வெட்டிரு பாப்பா" என்று கத்தரிக்கோலை நீட்டினார். வெட்டினேன். நீங்கள் விழித்துத்தான் இருந்தீர்கள். உங்களிடம் யாரும் கேட்கவில்லை.

ஐந்தருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு எத்தனை வருடம் எண்ணெய் தேய்த்துவிட்டீர்கள்! ஒவ்வொரு தோளிலும் கை வைக்கும் முன், "தொடலாமா அண்ணாச்சி? எங்கன வலிக்கு?" என்று கேட்பீர்களே. உங்களை மட்டும் அத்தனை பேர் கேட்காமல் தொட்டார்கள், புரட்டினார்கள். நானும்தான்.

ஸ்கேன் முடிந்து திரும்பி வந்ததும் இடுப்பைத் தடவிப் பார்த்தீர்கள்.

"ஏட்டி, நான் செத்துட்டேனா?"

"சும்மா இருங்க பெரியப்பா."

"பொறவு ஏன் கயித்த அறுத்துட்டிய?"

பிணத்துக்குத்தான் அதை அறுப்பார்கள் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் சிரித்து மழுப்பினேன். அதற்கப்புறம் நீங்கள் கஞ்சிக்கு வாய் திறக்கவில்லை. பெரியவர் ஒத்துழைக்கவில்லை என்று டாக்டர் எழுதி வைத்தார். மூன்றாம் நாள் போய்விட்டீர்கள். கோயில் வாசலில் ஒரு புதுக் கயிறு வாங்கிக் கட்டியிருந்தால் சாப்பிட்டிருப்பீர்களா? எனக்கு அப்போது பயம் மட்டும்தான் இருந்தது.

உங்களைக் குளிப்பாட்டும்போது செங்கோட்டை மாமாதான் கண்டுபிடித்தார். "இடுப்பு வெறுமனே கெடக்கே. உசுரோட இருக்கும்போதே அறுத்துட்டானுவளா?" என்றார். அப்பா அழுதார். பிறகு, "ஸ்கேனுக்குக் கொண்டுபோன அந்த நர்ஸ் வேலையத் தொலைக்காம விடமாட்டேன்" என்றார்.

நாளைக் காலையில் நாலு பேரோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறார். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று புகாரை என்னையே எழுதச் சொன்னார். ஒரு அடித்தல்கூட இல்லாமல் எழுதி வைத்திருக்கிறேன்.

அந்த அக்கா இலத்தூரிலிருந்து பஸ்ஸில் வருபவர். அங்கே உங்களைத் "தாத்தா" என்று கூப்பிட்ட ஒரே ஆள். மற்ற எல்லோருக்கும் நீங்கள் பதினொன்றாம் பெட். அவர் நினைத்திருந்தால் அன்றே என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

கயிறு என் ஜாமெட்ரி பெட்டியில் இருக்கிறது, தாயத்தோடு. விடிந்ததும், அப்பா செருப்பு மாட்டும் முன், அதை அவர் கையில் வைப்பேன். அடித்தால் அடிக்கட்டும். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

கேட்காமல் வெட்டிய,
உங்கள் தம்பி மகள்

கதவு தட்டுகிறது. "ஏட்டி, முழிச்சுத்தான இருக்க? அந்தப் புகார் பேப்பர எங்கன வச்ச?" அப்பாதான். பெட்டி திறந்து கிடக்கிறது, பார்க்க எடுத்த கயிறு மேசைமேல்…