உப்பு நிரப்பிய கையுறை

இன்று மதியம் வாணலியில் கல்லுப்பைக் கொட்டி வறுத்தேன். உப்பு படபடவென்று வெடிக்கும்போதே நீ நினைவில் வந்துவிட்டாய். முதல் ஷிப்ட் முடிந்து வந்த மகள், முதுகு பிடித்துக்கொண்டது என்று குப்புறப் படுத்திருக்கிறாள். ஒத்தடத்துக்கு உன் கையுறையைத் தேடி எடுத்தேன். கம்பெனியில் கொடுக்கும் வெள்ளை நூல் கையுறைதான். ஐந்து விரலிலும் சூடான உப்பை நிரப்பி, மணிக்கட்டில் கயிறு கட்டினால் நிஜக் கை மாதிரியே இருக்கும். நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது.

நாங்கள் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து சூளகிரிக்கு வந்தபோது, லைன் வீட்டில் அடுத்த கதவு உன்னுடையது. இருவருக்கும் ஒரே கம்பெனி, ஒரே பேக்கிங் பிரிவு. வீட்டில் கன்னடம், என்னிடம் தமிழ், காய்கறிக்காரரிடம் தெலுங்கு பேசுவாய். சண்டை என்று வந்தால் மூன்றையும் கலந்து விடுவாய்.

வந்த புதிதில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது என் கணுக்கால் பிசகி வீங்கியது. எங்கள் ஊர் வழக்கப்படி புளிய இலை போட்டு வெந்நீர் காய வைத்தேன். நீ வந்து அடுப்பை அணைத்தாய். எங்கள் ஊரில் இப்படித்தான் என்று ஆரம்பித்தேன்.

"உங்க ஊரு காலு வேற, எங்க ஊரு காலு வேறயாக்கா? இப்பத்தான வீங்குது. சூடு வெச்சா இன்னும் ஏறும்."

கம்பெனி கேட்டுக்கு எதிரே இருந்த ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கிவந்து, இடது கையுறையில் நிரப்பி, துண்டில் சுற்றி வைத்தாய். கால் மணி நேரம் வைப்பாய், எடுப்பாய், மறுபடி வைப்பாய். வீக்கம் வடிந்து கால் இறுகிக் கிடந்த பிறகுதான் வலது கையுறை சூட்டோடு வந்தது. இடது குளிருக்கு, வலது சூட்டுக்கு. மாற்றிப் போட்டால் திட்டுவாய். ஒரே கால் ஒரு நாள் குளிரையும் இன்னொரு நாள் சூட்டையும் கேட்பது உனக்கு எப்படித் தெரிந்தது என்று வாய் பிளந்து நின்றேன். தொட்டால் தெரியாதா என்று என்னையே திருப்பிக் கேட்டாய்.

அதன் பிறகு வித்தை எனக்கும் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு ஞாயிறு காலை, அப்போது ஒன்பது வயதாயிருந்த மகள் தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்றாள். கொஞ்ச நேரத்தில் வலது பக்க அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். வாயுதான் என்று நானே முடிவு செய்து, பதற்றத்தில் உப்பை அளவுக்கு மீறிக் காய்ச்சி, துணியால் பிடித்தபடி கையுறையை அவள் வயிற்றருகே கொண்டுபோனேன். தக்காளி கொடுக்க வந்த நீ அதை வெறுங்கையால் பிடுங்கினாய்.

"பேடக்கா, சூடு பேட."

பதறினால்தான் உனக்கு என்னிடம் கன்னடம் வரும். பிள்ளை துடிக்கிறாள், வேண்டாம் என்கிறாயே என்று கத்தினேன். நீ இன்னொரு கையால் அவள் வயிற்றை மெல்ல அழுத்தி, விட்டாய். விட்டதும் அவள் வீறிட்டாள்.

"இது ஒத்தடத்துக்கு அடங்கற வலி இல்லக்கா. ஆட்டோவக் கூப்புடுங்க."

ஓசூர் ஆஸ்பத்திரியில் குடல்வால் என்றார்கள், அன்றே ஆபரேஷன். சூட்டு ஒத்தடம் ஏதாவது கொடுத்தீர்களா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். நல்ல வேளை, சூடு பட்டிருந்தால் அது வெடித்திருக்கலாம் என்றார். 

திரும்பிப் பார்த்தேன். பெஞ்சில் நீ உட்கார்ந்திருந்தாய், உப்புக் கையுறை இன்னும் உன் கையில். சூளகிரியிலிருந்து வழி முழுக்க அதைப் பிடித்தபடியே வந்திருக்கிறாய். விரலைப் பிரித்தால் உள்ளங்கை சிவந்து, கொப்புளம் எழும்பியிருந்தது. ஏன் கீழே வைக்கவில்லை என்று கேட்டேன்.

"வெச்சா நீங்க மறுபடி எடுத்துப் புள்ள வயித்துல வெச்சிருவீங்களோன்னு பயமா இருந்துச்சுக்கா."

உன்னைக் குழாயடிக்கு இழுத்துப்போய் உள்ளங்கையைத் தண்ணீரில் பிடித்தேன். ஒரு பிள்ளையின் உயிரை இந்தக் கையா காப்பாற்றியது என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் உனக்குச் செய்த வைத்தியம் அது ஒன்றுதான். கடைசியில் உனக்கு வந்த நோய்க்கு, சூட்டாலும் குளிராலும் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. உன் கட்டிலருகே வெறுங்கையோடு நின்றேன்.

இப்போது கையுறையை முதலில் என் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அவள் முதுகில் வைத்தேன். சித்தி கை மாதிரியே இருக்கிறது என்றாள்.

கழுத்து, முதுகு, முட்டி எதுவானாலும் லைனில் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். வயிற்று வலி என்றால் மட்டும் நான் கையுறையைத் தொடுவதில்லை, ஆட்டோவைக் கூப்பிடுகிறேன். பாதி நேரம் அது வெறும் வாயுவாக இருக்கும். இதற்குப் போய் ஆட்டோவா என்று கேலி செய்கிறார்கள். செய்யட்டும். அன்று ஆட்டோவில் ஏறிய என் மகள் இதோ முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருக்கிறாள்.