வேணாம் கட்டம்

18.6.2007, திங்கள்
அபி இன்றும் கடித்தாள். என் மணிக்கட்டில் நாலு பல் தடம். நாலு வயதாகியும் ஒரு சொல் வரவில்லை. பிடிக்காததைச் சொல்ல அவளுக்குப் பல்தான் இருக்கிறது.
பிரான்சிலிருந்து எங்கள் பள்ளிக்கு வந்த கணினியில் படத்தைத் தொட்டால் பேசும். தண்ணி, அம்மா, ஒண்ணுக்கு என்று எட்டுக் கட்டம், எட்டும் என் குரல். ஒன்பதாவதாக, மறுக்கிற கை ஒன்றை வரைந்து 'வேணாம்' போட்டேன்.

5.7.2007, வியாழன்
தொட்டுவிட்டாள்! உப்புமாத் தட்டைத் தள்ளிவிட்டு, 'வேணாம்.' இன்று கடி இல்லை. அவள் அம்மா அஞ்சலாட்சி வைத்திக்குப்பத்திலிருந்து மீன் கூடையோடு வந்து வாசலிலேயே அழுதாள். "எம் பொண்ணு பேசுது டீச்சர்."

11.7.2007, புதன்
நிர்வாகி மதாம் மோனிக் கூப்பிட்டார். "பதினாலாந்தேதி பிரெஞ்சு தேசிய நாள் விழா முடிஞ்சு பாரீஸ்காரங்க நம்ம பள்ளிக்கு வராங்க. கம்ப்யூட்டர் குடுத்தவங்க மூஞ்சிக்கு நேரா புள்ள வேணாம்னா நல்லாவா இருக்கும்? அந்த எடத்துல வணக்கம் சொல்ற மாதிரி போன்ழூர் போட்டுடுங்க."
போட்டேன். பூம்பூம் மாடு நான்.

14.7.2007, சனி
அபி தலையில் பிரெஞ்சுக் கொடியின் மூவண்ண ரிப்பன். வந்தவர்களில் ஓர் அம்மாள் அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அபி நெளிந்தாள். கையை நீட்டிக் கணினியில் 'வேணாம்' இருந்த கட்டத்தைத் தொட்டாள். "போன்ழூர்!" எல்லோரும் கைதட்டினார்கள். அழுதுகொண்டே மறுபடி தொட்டாள். போன்ழூர். போன்ழூர். எல்லாம் என் குரல். போட்டோ வேற எடுத்தாங்க.
நான் செவுத்தோரமா நின்னேன். ஓடிப்போய்த் தூக்கியிருக்கக் கூடாதா? ச்சீ, என்ன ஜென்மம் நான்.

16.7.2007, திங்கள்
யாரையும் கேட்காமல் 'வேணாம்' திரும்பப் போட்டுவிட்டேன். அபி திரையைத் தொடவே இல்லை.

2.8.2007, வியாழன்
"நல்லாத்தான இருந்துச்சு, ஏன் டீச்சர் மறுபடியும் கடிக்குது?" என்றாள் அஞ்சலாட்சி.
"சில புள்ளைங்க அப்படித்தாம்மா" என்றேன். வாய் கூசாமல் புளுகினேன்.

20.8.2007, திங்கள்
பாரீஸிலிருந்து அந்த போட்டோ வந்தது. மதாம் அதைச் சட்டம் போட்டுக் கணினிக்கு மேலேயே மாட்டிவிட்டார். அபி வாயைத் திறந்து அழுவது, தெரியாதவர்களுக்குச் சிரிப்பது போலத்தான் இருக்கும்.
பாடத்துக்கு அதன் முன்னால் உட்காரவைத்தேன். கடித்தாள். இந்த முறை கையை இழுக்கவில்லை.
"சரி கண்ணு, வேணாம்" என்றேன்.
பல்லை எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். கணினியை அணைத்தேன்.